அறை நிறைந்தால் பை நிறையுமா?
சொகுசு ஹோட்டல் பங்குகளும் விற்பனைக் கணக்கும்

(பத்து பாகாட்டில் பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



இந்த நிகழ்ச்சிக்கு என்னை அழைத்தபோது, "நீங்கள் தொகுப்பாளர் ஆயிற்றே, பேசுவதற்கு என்ன தலைப்பு கொடுக்கலாம்?" என்று கேட்டார்கள். நான் பங்கு விலை பற்றிப் பேசுகிறேன் என்றதும் அவர்களுக்கு ஆச்சரியம். நான் படித்தது பொருளாதாரம் அல்ல. பொதுத் தொடர்புத் துறையில் டிப்ளோமா. அப்புறம் ஏன் இந்தத் தலைப்பு? அதற்குக் காரணம் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அப்பா. அவருடைய அனுமதியோடுதான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

அப்பா இந்த ஊர் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் மேற்பார்வையாளராக வேலை செய்தவர். 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார். 2018-ஆம் வருடம் காலை நிகழ்ச்சி ஒன்றில் நான் வர்த்தகப் பகுதியைத் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தேன். அன்று வந்த விருந்தினர் ஒரு ஹோட்டல் நிறுவனத்தைப் பற்றிப் பேசினார். "இதன் மொத்தப் பங்குகளின் மதிப்பு, அதன் ஒரு வருட விற்பனைக்குச் சமம்தான். இந்தியாவில் தாஜ் ஹோட்டல் பங்கு நான்கு மடங்கு விலையில் போகிறது. அதோடு பார்த்தால் இது ரொம்ப மலிவு" என்றார். நிகழ்ச்சியை முடிக்கும்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆக, விற்பனையோடு ஒப்பிட்டால் மலிவான பங்கு என்று நம் விருந்தினர் விளக்கிச் சொன்னார்." எனக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் நன்றாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

அப்பா வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். "மகளே டி.வி.யில் சொல்லிவிட்டாள்" என்று, எனக்குச் சொல்லாமலேயே 20,000 பங்குகளை ஒரு வெள்ளி 20 காசு விலையில் வாங்கிவிட்டார். 24,000 வெள்ளி. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஹோட்டல்கள் எல்லாம் இருண்டு கிடந்தபோது, பயந்துபோய் 45 காசுக்கு விற்றார். கையில் வந்தது 9,000 வெள்ளி. 15,000 வெள்ளி போய்விட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்துதான் இந்தக் கணக்கை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன்.

விற்பனை மடங்கு என்றால் என்ன?

ரொம்ப எளிமையான கணக்கு. ஒரு நிறுவனத்தின் எல்லாப் பங்குகளையும் இன்றைய விலைக்குப் பெருக்கினால் வருவது அதன் சந்தை மதிப்பு. அதை அந்த நிறுவனத்தின் ஒரு வருட விற்பனையால் வகுத்தால் வருவது விற்பனை மடங்கு. சந்தை மதிப்பு 40 கோடி, விற்பனை 20 கோடி என்றால் இரண்டு மடங்கு. அவ்வளவுதான்.

நம் ஊர் உதாரணத்தோடு பார்ப்போம். ஜாலான் ரஹ்மாட் பக்கம் இரண்டு சாப்பாட்டுக் கடைகள் விலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் வருடத்துக்கு 300,000 வெள்ளி வியாபாரம். இரண்டுக்கும் கேட்கும் விலை 300,000 வெள்ளி. விற்பனை மடங்கு இரண்டுக்கும் ஒன்று. ஆனால் முதல் கடை வாடகைக் கடை; 150,000 வெள்ளி கடன் வேறு இருக்கிறது; எல்லாச் செலவும் போக வருடத்துக்கு 15,000 வெள்ளி மிஞ்சுகிறது. இரண்டாவது கடைக்குச் சொந்தக் கட்டடம், கடன் கிடையாது, 60,000 வெள்ளி மிஞ்சுகிறது. நீங்கள் எதை வாங்குவீர்கள்? சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் விற்பனை மடங்கை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அப்பா வாங்கியது முதல் கடை.

அப்படியானால் இந்தக் கணக்கு எதற்கு? காரணம் இருக்கிறது. லாபம் நிலையாக இருப்பதில்லை. மோசமான வருடத்தில் லாபம் நட்டமாகிவிட்டால், "லாபத்தைப்போல எத்தனை மடங்கு விலை" என்ற வழக்கமான கணக்கைப் போடவே முடியாது. விற்பனை அப்படி ஒரேயடியாக மறைந்துவிடாது. அமெரிக்க முதலீட்டாளர் கென்னத் ஃபிஷர் 1984-இல் எழுதிய நூலின் மூலம்தான் இந்த முறை பரவலாகத் தெரிய வந்தது. நல்ல நிறுவனம் தற்காலிகமாகத் தடுமாறும்போது அதை அடையாளம் காண்பதற்கு இது உதவும். தப்பு கணக்கில் இல்லை. கணக்கை அரைகுறையாக நிறுத்திவிடுவதில்தான் இருக்கிறது.

தாஜ் சொல்லும் பாடம்

அன்று அந்த விருந்தினர் உதாரணம் காட்டிய தாஜ் ஹோட்டலையே எடுத்துக்கொள்வோம். அதை நடத்துவது இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம். ஜாம்ஷெட்ஜி டாட்டா தொடங்கியது. 1903-இல் மும்பையில் தாஜ் மஹால் ஹோட்டல் திறக்கப்பட்டது. சென்னைக்குப் போனவர்கள் நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டலைப் பார்த்திருப்பீர்கள். 2008 நவம்பர் 26 தாக்குதலில் மும்பைத் தாஜ் எரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஹோட்டல் தொழில் எவ்வளவு மென்மையானது என்பதற்கு அதுவே சாட்சி. ஓர் அறை இன்றைக்குக் காலியாக இருந்தால், இன்றைய வாடகை போனது போனதுதான். நாளைக்கு அதைச் சேர்த்து விற்க முடியாது.

2019-20 நிதியாண்டில் இந்நிறுவனத்தின் விற்பனை ஏறத்தாழ 4,460 கோடி ரூபாய். லாபம் சுமார் 354 கோடி. 2020 மார்ச் மாதக் கடைசியில் கொரோனா பயத்தில் பங்கு விலை 75 ரூபாய் அளவுக்கு இறங்கிவிட்டது. மொத்தச் சந்தை மதிப்பு சுமார் 9,000 கோடி. ஆக, விற்பனை மடங்கு இரண்டு.

அடுத்த வருடம் விற்பனை ஏறத்தாழ 1,575 கோடிக்கு விழுந்தது. 700 கோடிக்கு மேல் நட்டம். பங்கு விலையோ 2021 மார்ச்சில் 110 ரூபாய்க்கு ஏறியிருந்தது. இப்போது கணக்குப் போட்டால் விற்பனை மடங்கு எட்டைத் தாண்டுகிறது! இரண்டில் மலிவு என்றால் எட்டில் விலை அதிகம் என்றுதானே தோன்றும்? ஆனால் அந்த எட்டு வந்ததற்கு முக்கியக் காரணம் வகுக்கும் எண்ணான விற்பனை சுருங்கியதுதான். நோயில் படுத்த ஒரு வருடத்தின் விற்பனையை வைத்து ஆரோக்கியமான உடம்புக்கு விலை சொல்ல முடியாது. ஆகவே முதல் பாடம்: ஒரு வருட விற்பனையை மட்டும் பார்க்காதீர்கள். நல்ல வருடம், கெட்ட வருடம் இரண்டும் சேர்ந்த நான்கைந்து வருடச் சராசரியைப் பாருங்கள்.

இனி 2024-25-க்கு வருவோம். விற்பனை ஏறத்தாழ 8,335 கோடி ரூபாய். லாபம் சுமார் 1,900 கோடி. விமானங்களுக்கு உணவு வழங்கும் டாஜ்சாட்ஸ் நிறுவனத்தைத் தன் கணக்கோடு சேர்த்துக்கொண்டதால் வந்த ஒருமுறை லாபமும் இதில் அடக்கம். 2025 மார்ச் மாத இறுதியில் சந்தை மதிப்பு சுமார் 1 லட்சத்து 12,000 கோடி. விற்பனை மடங்கு பதின்மூன்றுக்கு மேல்.

இந்த எண்களைக் கொஞ்சம் கவனியுங்கள். ஐந்து வருடத்தில் விற்பனை இரண்டு மடங்குகூட ஆகவில்லை. ஆனால் சந்தை மதிப்போ பன்னிரண்டு மடங்கு ஆகிவிட்டது. எப்படி? ஒவ்வொரு ரூபாய் விற்பனைக்கும் முன்பு இரண்டு ரூபாய் கொடுத்த சந்தை, 2025 மார்ச்சில் பதின்மூன்று ரூபாய் கொடுத்தது. ஏன் கொடுத்தது? முன்பு 100 ரூபாய் விற்பனையில் 8 ரூபாய் லாபம் நின்றது. 2024-25-இல் ஏறக்குறைய 23 ரூபாய் நின்றது. அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்த ஒரு ரூபாய் லாபத்துக்கு 2020-இல் 25 ரூபாய் கொடுத்தவர்கள் 2025-இல் 58 ரூபாய் வரை கொடுத்தார்கள்.

இதைத்தான் நான் படித்ததிலேயே முக்கியமான விஷயமாக நினைக்கிறேன். விற்பனை மடங்கு என்பது தனியாக நிற்கும் எண் அல்ல. லாப விகிதத்தை லாப மடங்கால் பெருக்கினால் வருவதுதான் அது. 100-க்கு 8 லாபம், லாபத்துக்கு 25 மடங்கு விலை என்றால் விற்பனை மடங்கு இரண்டு. 100-க்கு 23 லாபம், 58 மடங்கு விலை என்றால் பதின்மூன்று. யாராவது உங்களிடம் "இது இரண்டு மடங்கு, அது பதின்மூன்று மடங்கு" என்று சொன்னால், உடனே திருப்பிக் கேளுங்கள்: "100 வெள்ளி விற்பனையில் கையில் எவ்வளவு நிற்கிறது?"

அதே சமயம், பதின்மூன்று மடங்கு கொடுப்பவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதையும் யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கணினி நிறுவனத்தின் பங்கு 2000-ஆம் வருட வாக்கில் விற்பனையைப்போல பத்து மடங்கு விலைக்குப் போனது, பிறகு சரிந்தது. அதன் தலைவர் ஸ்காட் மெக்னீலி 2002-இல் முதலீட்டாளர்களுக்கு ஒரு கணக்கைச் சொன்னார். பத்து மடங்கு விலை கொடுத்தவருக்குப் பத்து வருடத்தில் போட்ட முதல் திரும்பி வரவேண்டும் என்றால், பத்து வருடமும் விற்பனைப் பணம் முழுவதையும் லாப ஈவாகக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது, பொருள் வாங்கும் செலவு கிடையாது, வரி கிடையாது. இது நடக்கிற காரியமா என்பதுதான் அவர் கேள்வி. ஹோட்டலில் படுக்கை விரிப்பைத் துவைக்காமல், சமையல்காரருக்குச் சம்பளம் கொடுக்காமல் பத்து வருடம் நடத்த முடியுமா? வளர்ச்சி வந்தால்தான் அந்த விலை சரியாகும். வளர்ச்சி நின்றால் விலை தாங்காது.

லீலா சொல்லும் பாடம்

அடுத்து, கடன். ஆடைத் தொழில் ஊரான பத்து பாகாட்டில் இதைச் சொல்வது பொருத்தம். கேப்டன் கிருஷ்ணன் நாயர் கேரளாவின் கண்ணூரைச் சேர்ந்தவர். துணி, லேஸ் ஏற்றுமதி செய்து முன்னுக்கு வந்தவர். மனைவியின் பெயரில் லீலா ஹோட்டலை 1986-இல் மும்பையில் திறந்தார். பிறகு பெங்களூர், உதய்ப்பூர், டெல்லி, சென்னை என்று அரண்மனை மாதிரி ஹோட்டல்கள் எழுந்தன. விருந்தினர்களிடம் நல்ல பெயர். ஆனால் அவற்றைக் கட்டுவதற்கு வாங்கிய கடன் பல ஆயிரம் கோடி. அறைகள் நிறைந்தன, வந்த பணம் வட்டிக்குப் போனது. கடைசியில் 2019-இல் பெங்களூர், சென்னை, டெல்லி, உதய்ப்பூர் ஹோட்டல்களைக் கனடாவின் புரூக்ஃபீல்ட் நிறுவனத்துக்கு 3,950 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி கடனை அடைக்கத்தான் போனது. பழைய நிறுவனம் எச்.எல்.வி. என்று பெயர் மாற்றிக்கொண்டு மும்பை ஹோட்டலோடு நின்றது. பழைய பங்குதாரர் கையில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

அதே லீலா ஹோட்டல்கள், ஜெய்ப்பூரும் சேர்ந்து, புதிய உரிமையாளரின் ஸ்க்லாஸ் பெங்களூர் என்ற நிறுவனமாக 2025 ஜூன் 2-ஆம் தேதி பங்குச் சந்தைக்கு வந்தன. பங்கின் வெளியீட்டு விலை 435 ரூபாய். அந்த விலையில் சந்தை மதிப்பு சுமார் 14,500 கோடி. வருட விற்பனை சுமார் 1,300 கோடி. பதினோரு மடங்கு! பெயர் அதே, கட்டடங்கள் பெரும்பாலும் அதே, சென்னை அடையாற்றுக் கரை அதே. ஆனால் ஒரு காலத்துப் பங்குதாரர் நட்டப்பட்டார். இன்னொரு காலத்து உரிமையாளர் லாபம் பார்த்தார். ஹோட்டல் நல்லதாக இருப்பது வேறு, அதன் பங்கு நமக்கு நல்லதாக இருப்பது வேறு.

இதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சந்தை மதிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அதோடு கடனைக் கூட்டி, கையிலுள்ள ரொக்கத்தைக் கழித்து, பிறகுதான் விற்பனையால் வகுக்கிறார்கள். அப்பா வாங்கிய பங்குக்கு நான் பிறகு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சந்தை மதிப்பு விற்பனையைப்போல ஒரு மடங்கு என்பது உண்மை. ஆனால் கடன் விற்பனையைப்போல இரண்டு மடங்கு! கூட்டினால் மூன்று மடங்கு. 100 வெள்ளி விற்பனையில் தொழில் நடத்திய செலவு போக நின்றது 12 வெள்ளி. வட்டிக்கு மட்டும் 10 வெள்ளி. மிச்சம் இரண்டு. விற்பனை கொஞ்சம் குறைந்தாலே அந்த இரண்டும் போய்விடும் என்பது அன்றைக்கே ஆண்டறிக்கையில் எழுதியிருந்தது. நானும் படிக்கவில்லை, அப்பாவும் படிக்கவில்லை.

யாருடைய விற்பனை?

மூன்றாவது விஷயம், விற்பனை என்று எழுதியிருப்பது எல்லாம் ஒரே மாதிரி விற்பனை அல்ல. ஒரு நிறுவனம் சொந்தமாக ஹோட்டல் கட்டி நடத்தினால், அறை வாடகை, சாப்பாடு, கல்யாண மண்டப வருமானம் எல்லாம் அதன் விற்பனை. ஆனால் மற்றவர் கட்டிய ஹோட்டலை, பெயர் கொடுத்து நிர்வாகம் மட்டும் செய்தால், கட்டணம் மட்டுமே வரும். தொகை சின்னது, ஆனால் பெரும்பகுதி லாபம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அமெரிக்காவின் மேரியட் நிறுவனத்தின் 2023-ஆம் வருட மொத்த வருமானம் ஏறத்தாழ 2,370 கோடி டாலர். அதில் சுமார் 1,740 கோடி டாலர், ஹோட்டல் உரிமையாளர்களுக்காக மேரியட் செலவு செய்து திரும்பப் பெற்ற பணம். ஒரு கையால் வந்து மறு கையால் போவது. அதையும் விற்பனை என்று சேர்த்து வகுத்தால் பங்கு மலிவாகத் தெரியும். கழித்துவிட்டு வகுத்தால் மடங்கு ஏறக்குறைய நான்கு பங்கு கூடிவிடும். ஆகவே சொந்த ஹோட்டல் நிறுவனத்தையும் நிர்வாகம் செய்யும் நிறுவனத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

நம் நாட்டுக் கதை

நம் ஜொகூர் மண்ணின் மைந்தர், ஜொகூர் பாருவில் பிறந்த ரோபர்ட் குவோக் தொடங்கியதுதான் ஷங்ரிலா. முதல் ஹோட்டல் 1971-இல் சிங்கப்பூரில். 1973-இல் பினாங்கு பத்து ஃபிரிங்கி கடற்கரையில் ராசா சாயாங் திறக்கப்பட்டது. மலேசிய ஷங்ரிலா நிறுவனம் கோலாலம்பூர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இங்கே விற்பனை மடங்கு கண்ணில் படாத ஒன்று இருக்கிறது: நிலம். 1970-களில் வாங்கிய கடற்கரை நிலத்தின் இன்றைய மதிப்பு விற்பனைக் கணக்கில் தெரியாது. சில சமயம் ஹோட்டல் தொழிலைவிட அது நிற்கும் நிலம் அதிக விலை பெறும்.

ஆனால் நிலம் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவும் கூடாது. அந்த நிறுவனத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு தாய் நிறுவனத்திடம் இருக்கிறது. 1,000 பங்கு வைத்திருக்கும் நாம் போய் "நிலத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடுங்கள்" என்று சொன்னால் நடக்குமா? நமக்கு வருவது லாப ஈவு மட்டும்தான். அந்த லாப ஈவு லாபத்திலிருந்துதான் வரவேண்டும்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஹோட்டல் பங்கு "விற்பனையைப்போல இத்தனை மடங்கு, மலிவு" என்று யாராவது சொன்னால், இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, எந்த வருட விற்பனை? நல்ல வருடமா, கெட்ட வருடமா?

இரண்டு, 100 வெள்ளி விற்பனையில் எவ்வளவு லாபம் நிற்கிறது? அது நிலைக்குமா?

மூன்று, கடன் எவ்வளவு? கடனைச் சேர்த்தால் மடங்கு எத்தனை?

நான்கு, ஹோட்டல் சொந்தமா, நிர்வாகம் மட்டுமா? திரும்பப் பெறும் செலவுப் பணம் விற்பனையில் கலந்திருக்கிறதா?

ஐந்து, விற்பனை எதனால் கூடியது? அறை வாடகையும் நிறைந்த அறைகளும் கூடியதாலா, வேறு நிறுவனத்தை வாங்கிச் சேர்த்ததாலா, புதிய பங்கு வெளியிட்டுக் கட்டியதாலா?

இதற்கெல்லாம் விடை ஆண்டறிக்கையில் இருக்கிறது. மலேசியப் பங்குச் சந்தையில் உள்ள எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் காலாண்டு அறிக்கையும் பங்குச் சந்தையின் அகப்பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலம் சிரமம் என்றால் வீட்டுப் பிள்ளைகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு, இன்ன பங்கை வாங்குங்கள் என்று ஆலோசனை சொல்லும் தொழிலுக்கு 2007-ஆம் வருட மூலதனச் சந்தைச் சட்டப்படி உரிமம் வேண்டும். சொல்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

தொலைக்காட்சியில் என்னைப்போல வந்து சிரித்துப் பேசுபவர்களிடமும் இதைக் கேளுங்கள். எங்கள் குரல் தெளிவாக இருக்கும். அதனால் நாங்கள் சொல்வது சரி என்று ஆகிவிடாது. அந்த நாளுக்குப் பிறகு, எனக்குப் புரியாத எண்ணை நான் நேயர்களுக்குப் படித்துச் சொல்வதில்லை. விருந்தினரிடம் "எனக்குப் புரியவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்று ஒளிபரப்பிலேயே கேட்கிறேன். சில விருந்தினர்களுக்குப் பிடிப்பதில்லை. பரவாயில்லை.

போன மாதம் அப்பா ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை அச்சடித்து, பேனாவும் கையுமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். "என்னப்பா, மறுபடியும் பங்கு வாங்கப் போறீங்களா?" என்று பயந்துபோய்க் கேட்டேன். "இல்லம்மா, கடன் எந்தப் பக்கத்துல எழுதியிருக்குன்னு தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். 15,000 வெள்ளி கொடுத்து நாங்கள் வாங்கிய பாடம் அது. உங்களுக்கு இன்று இலவசமாகச் சொல்லிவிட்டேன்.